மூணு தடவை சொல்லுங்க

1

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தையல்கடை மாடியில் என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்த யாராவது இதை வாசித்தால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லெண்டுக்கும் பாரோவுக்கும் நான் சொன்ன வித்தியாசம் சரிதான். நாம் கொடுத்தால் லெண்ட், நாம் வாங்கினால் பாரோ. பிரிங் என்றால் இங்கே கொண்டு வா, டேக் என்றால் அங்கே கொண்டு போ. லுக் அட் பார், லுக் ஃபார் தேடு, லுக் ஆஃப்டர் பார்த்துக்கொள். பரீட்சையில் இதையே எழுதுங்கள், மார்க் கிடைக்கும்.

ஆனால் இதே பாடத்தை அயர்லாந்தில் ஒரு மனிதருக்கு நடத்தப்போய், எனக்கு இருந்த ஒரே வேலையும் போகப் பார்த்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் இங்கே வந்து நேற்றோடு ஒரு வருஷம். போனில் அம்மா, ஆடித்தபசுக்குக் கொடி ஏறியாச்சு, ரத வீதியில் இப்பவே கூட்டம் என்றாள். இங்கேயும் எனக்கு ஒரு கூட்டம் கூடியது. அதற்குத்தான் வருகிறேன்.

2

என் கிளாஸ் காலை ஆறரைக்கு. ஒரு தறி முதலாளியின் மகன், கடையநல்லூரிலிருந்து வந்து துபாய் விசாவுக்குக் காத்திருந்த இரண்டு பேர், நர்சிங் முடித்த பெண்கள் என்று இருபத்திரண்டு பேர், பதினெட்டு நாற்காலி. நம்ம ஆட்களுக்கு இங்கிலீஷ் எங்கே இடிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. நமக்கு ‘போடு’ என்ற ஒரு வினை போதும். டீ போடுவோம், லைட் போடுவோம், சட்டை போடுவோம், ஊசி போடுவோம், சண்டை போடுவோம். அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை. வீட்ல, பஸ்ல, ரோட்ல, மழைல என்று நமக்கு ஒரு ‘ல’ போதும். அவர்களுக்கு இன், ஆன், அட் என்று மூன்று. இதற்கு நான் கண்டுபிடித்த சூத்திரம் எனக்கு இன்னமும் பெருமைதான்: ஊருக்கு இன், ரோட்டுக்கு ஆன், முக்குக்கு அட். சங்கரன்கோவிலுக்கு இன், ராஜபாளையம் ரோட்டுக்கு ஆன், டீக்கடை வாசலுக்கு அட். கிளாஸே தலையாட்டும்.

யாராவது தப்பாகச் சொன்னால் நான் திட்டவே மாட்டேன். அது என் கொள்கை. இடது புருவத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்துவேன். சரியான வாக்கியத்தை நிதானமாகச் சொல்வேன். பிறகு கையை நீட்டி, “எங்க, மூணு தடவை சொல்லுங்க” என்பேன்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து அப்படி மூணு தடவை சொன்னவர்களில் ஒருத்திதான் முத்துலட்சுமி. வெளிநாடு போகிற நர்சுகள் எழுதும் இங்கிலீஷ் பரீட்சையில், அதே பரீட்சையை எழுதி நான் வாங்கியதைவிட அதிக மார்க் வாங்கினாள். அப்புறம் இரண்டு வீட்டிலும் பேசி எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அப்புறம் அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை, நான் கூடவே வந்த புருசன்.

3

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்கே ஒரு சின்ன ஊர். கடைத்தெரு என்று ஒன்றுதான். வியாழக்கிழமை மாட்டுச்சந்தை. மழைக்கு நாள் கிழமை கிடையாது.

குடியேற்ற அலுவலகத்தில் சங்கரநாராயணன் என்ற என் பெயரை எழுதப் படிவத்தில் கட்டங்கள் போதவில்லை. “மீதியை எங்க எழுத?” என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் யோசித்துவிட்டு, “மீதி ரொம்ப முக்கியமா?” என்றாள். இப்போது என் அட்டையில் நான் சங்கரநாரா. டீச்சர் வேலைக்கு என் சான்றிதழ்களை அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. ஒரு மாதம் கழித்து, முந்தைய கடிதத்தைப் பார்க்கவும் என்று இன்னொன்று வந்தது.

சும்மா இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜனவரியில் ஹார்ட்வேர் கடை ஜன்னலில் ஆள் தேவை என்று ஒரு தாளைப் பார்த்தேன், உள்ளே போய்விட்டேன். முதலாளி பிரீடா, அறுபது வயசு, கணவர் போன பிறகு தனியாகக் கடையை நடத்துகிறவர். ஆணி, பெயின்ட், கம்பிவேலி, மாட்டுக்கு உப்புக்கட்டி எல்லாம் விற்கிறார். “ஆறு மாசம் பாப்போம். சரிப்பட்டா இருந்துக்கோ” என்றார்.

கரிவலத்திலிருந்து மாமனார் போன் பண்ணினார்.

“மாப்ளே, கடைல உங்களுக்கு என்ன சோலி?”

“கவுண்டர்ல மாமா. வாறவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசணும்.”

“அவ்வளவுதானா? அப்ப உங்கள அடிச்சுக்க ஆளே கிடையாதே.”

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

4

இந்த ஊர்க்காரர்கள் பேசும் இங்கிலீஷை எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. டிரில் மெஷின் ரிப்பேர் என்றால், அது என் மேலே உடைந்துவிட்டது என்பார்கள். நாயை டாக்டரிடம் கூட்டிப்போவது பிரிங். ஒருவருக்காகக் காத்திருப்பது வெயிட் ஆன். ‘ஷி இஸ் ஆஃப்டர் கோயிங்’ என்றால் அவள் இப்போதுதான் போனாள் என்று அர்த்தம். என் நோட்டில் சிவப்பு மையில் ‘தவறு’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்ததெல்லாம் இங்கே அன்றாடப் பேச்சு. அதனால் அவர்கள் பேசுவதை இனி நம்மூர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அதுதான் அதற்கு மிக நெருக்கம்.

பிப்ரவரியில் ஒரு நாள் மார்ட்டின் வந்தார். நாற்பது மாடு, இரண்டு நாய், எந்நேரமும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கடையில் ஓர் ஏணி உண்டு. விற்பதற்கு இல்லை, ஊர்க்காரர்கள் எடுத்துப்போய்விட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதற்கு. மார்ட்டின் அதைக் காட்டி, “ஏணிய நான் லெண்ட் பண்ணிக்கிடட்டா?” என்றார்.

என் இடது புருவம் தானாக உயர்ந்தது. சத்தியமாக நான் உயர்த்தவில்லை.

“நீங்கள் ஏணியை பாரோ செய்யலாம். நாங்கள் உங்களுக்கு லெண்ட் செய்வோம்” என்றேன், நிதானமாக, தெளிவாக. அதோடு நிறுத்தியிருக்கலாம். கையையும் நீட்டினேன்.

மார்ட்டின் என் கையைப் பார்த்தார். அதில் எதையாவது வைக்க வேண்டுமோ என்று யோசித்த மாதிரி இருந்தது. ஏணியைப் பார்த்தார். தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, “இருக்கட்டும் வே, அவ்வளவு உயரத்துல ஒன்னும் வேல இல்ல” என்று போய்விட்டார். மறுநாள் நான் சாப்பிடப் போன நேரத்தில் வந்து ஏணியை எடுத்துப்போனதாக பிரீடா சொன்னார்.

நான் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. ஆனால் மார்ச்சில் எனக்கு ஒன்று உறைத்தது. கடையில் இரண்டு கல்லா. பிரீடா முன்னால் ஆறு பேர் நிற்பார்கள், என் முன்னால் ஒருவரும் இல்லை. “வாங்க, நான் பாக்கேன்” என்று கூப்பிட்டால், “அவசரம் இல்ல, அவசரம் இல்ல” என்று பெயின்ட் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பிப்பார்கள். ஒரு ஆள் வெள்ளை பெயின்ட் டப்பாவை எட்டு நிமிஷம் படித்தார்.

நிறம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். அப்படி நடப்பதும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்த நாட்கள் எனக்கும் இருக்கின்றன. அதனால் பிரீடாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை, முத்துவிடம் சொல்லவும் மனசு வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் சந்தோஷமாக இருந்தாள். வீட்டுக்கு வந்து, கடையில் இன்று செம கூட்டம் என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

5

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் முத்து டூட்டி முடிந்து வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

“ஏங்க, உங்க கடைல புதுசா யாரும் சேந்திருக்காங்களா?”

“இல்லையே. நானும் பிரீடாவுந்தான்.”

“அப்ப அது நீங்கதான்.”

“எதுட்டி?”

“வார்டுல ஒரு அம்மா இருக்காங்க. தபாலாபீஸ்ல வேல பாத்து ரிட்டையர் ஆனவங்க. வீட்டுக்குப் போனதும் கதவுக் கைப்பிடி மாத்தணும்னாங்க. ஹார்ட்வேர் கடைலயே கிடைக்குமேன்னேன். ‘கிடைக்கும் மக்கா. ஆனா அங்கன ஒரு பையன் நிக்கான். தங்கமான பையன், மரியாதையான பையன். அவன் முன்னால வாயத் தெறக்கத்தான் பயமா இருக்கு’ங்காங்க.”

“பயமா? என்னையப் பாத்தா?”

“தப்பாப் பேசிருவமோன்னு பயமாம். இங்கிலீஷ்ல.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அவன் என் புருசன்னு சொன்னியா?”

“சொல்லல. ஊசி போடுத நேரத்துல எதுக்கு அதிர்ச்சி குடுக்கன்னு விட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாக ஊர்முழுக்க எனக்கு எதிராக நிற்பதாக நினைத்திருந்தேன். அவர்கள் நின்றது என் புருவத்துக்குப் பயந்து. பிறந்ததிலிருந்து இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர்களை, சங்கரன்கோவிலிலிருந்து ஒருவன் வந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வராதவர்களாக ஆக்கிவிட்டான்.

“நான் ஒன்னும் தப்பாச் சொல்லலயே முத்து. சரியானதத்தான சொன்னேன்.”

“கிளாஸ்லயும் சரியானதத்தான் சொன்னீங்க.” அவள் இப்போது சிரிக்கவில்லை. “கரிவலத்துல பஸ் ஏறுனதுலருந்து ஒரே வாக்கியத்த மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வருவேன். உங்க புருவம் தூக்குனதும் எல்லாம் போயிரும். மூணு வாரம் நான் வாயே தெறக்கல. நீங்க கவனிச்சீங்களா?”

“அப்புறம் எப்படிட்டி அவ்வளவு மார்க் வாங்குன?”

“பஸ்ல எங்கூட ஜெயா வருவால்ல. போறப்பவும் வாறப்பவும் ரெண்டு பேரும் தப்புத் தப்பாப் பேசுவோம். கண்டக்டருக்குக்கூட இங்கிலீஷ்லதான் டிக்கெட் கேப்போம். அவரு பயந்து பின்னால போயிருவாரு. சிரிச்சுச் சிரிச்சுத்தான் வந்துச்சு. கிளாஸ்ல வந்து எது சரின்னு சரிபாத்துக்கிடுவேன், அவ்வளவுதான்.”

சென்னையில் நான் எம்.ஏ. படித்த ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. ‘சொல்லுதேன்’ என்று நான் சொன்னால் வராந்தா முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். முதல் செமஸ்டரில் பாதி நாள் நான் மெஸ்ஸில் கையைக் காட்டித்தான் சாம்பார் வாங்கினேன். அவர்கள் திருத்தியது என் தமிழை. அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கவுண்டரில் நின்று கையை நீட்டியிருக்கிறேன்.

6

மறுநாளிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் மோசமாகப் போனது. சாமானைக் கொடுத்தேன், சில்லறையைக் கொடுத்தேன், புருவத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டேன். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு பிரீடாவிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள்.

“உனக்குப் பல்லு வலியா?” என்றார் பிரீடா.

“இல்லையே.”

“அப்ப வீட்ல சண்டையா?”

“இல்லை.”

அவர் கல்லாவைச் சாத்திவிட்டு என் பக்கம் வந்தார். “இங்க பாரு. நீ நேரத்துக்கு வார. எந்தச் சாமான் எந்த அலமாரின்னு என்னையவிட உனக்கு நல்லாத் தெரியும். ஆனா ஜனங்க உங்கிட்ட நிக்க மாட்டேங்காங்க. நான் ஒத்தையில எத்தன பேரப் பாக்க? வாற வியாழனோட ஆறு மாசம் முடியுது. அதுக்குள்ள ஏதாவது செய்.”

ஏதாவது செய் என்று சொல்லிவிட்டார். என்ன செய்ய? தினமும் ராத்திரி, மன்னிச்சுக்கிடுங்க என்று பத்து விதமாக இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். எல்லா வாக்கியமும் பிழையில்லாமல் இருந்தது. ஒன்றைக்கூட மார்ட்டினிடம் போய்ச் சொல்ல முடியாது.

“வேலை போனா போவட்டும், வேற பாப்போம்” என்றாள் முத்து. அவள் சொல்வது சரி. ஆனால் எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. உப்புக்கட்டி வாசனையும், கம்பிச்சுருளும், மழையில் நனைந்து வந்து கடைக் கணப்பு அடுப்பு முன்னால் நின்று வானிலையைத் திட்டுகிற அந்த மனிதர்களும் எனக்குப் பிடித்துப்போயிருந்தார்கள். எல்லாரும் பேசுகிற கடையில் நான் ஒருத்தன் மட்டும் பேச்சுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

7

வியாழக்கிழமை பத்து மணி. சந்தை கலைந்து கடைக்குள் கூட்டம் வரும் நேரம். பிரீடா கோட்டை எடுத்து மாட்டினார். “பேங்க் வரைக்கும் போயிட்டு வாரேன்.” வியாழக்கிழமை அந்த அம்மா பேங்க்குக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. பரீட்சை ஆரம்பித்துவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் ஒன்பது பேர் உள்ளே வந்துவிட்டார்கள். எல்லாரும் பெயின்ட் டப்பா படிக்க ஆரம்பித்தார்கள். கடைசியாக மார்ட்டின் வந்தார். வாசலிலேயே நின்று காலியான கல்லாவைப் பார்த்தார். “எங்க அவ?”

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பதில் ரொம்பச் சின்னது, ஆறாம் வகுப்பு வாக்கியம். அவர்கள் சொல்கிற மாதிரிச் சொல்லவா, என் நோட்டில் இருக்கிற மாதிரிச் சொல்லவா என்று ஒரு வினாடி தயங்கினேன். இரண்டும் சேர்ந்து வெளியே வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“அவங்க பேங்க்கை அப்புறமா போயிருக்குது.”

ஆயிரம் பேருக்கு இன், ஆன், அட் நடத்திய வாய் இது.

மார்ட்டின் மெதுவாகக் கவுண்டருக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி வைத்தார். அவருடைய இடது புருவம் மேலே போனது. ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, “அவ இப்பத்தான் பேங்க்குக்குப் போனா” என்றார். மண் ஒட்டிய கையை என் பக்கம் நீட்டினார். “எங்க, சொல்லு பாப்போம்.”

நான் சொன்னேன்.

“இன்னொரு தடவ.”

சொன்னேன். பின்னாலிருந்து யாரோ தும்மின மாதிரிச் சிரித்தார்கள். மூன்றாவது தடவை எனக்கே சிரிப்பு வந்து வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

“பையன் தேறிருவான்” என்றார் மார்ட்டின்.

“நீ சொன்னதே தப்புடே மார்ட்டின்” என்றார் கம்பிவேலி வாங்க வந்த பெரியவர். “அவ போயி அஞ்சு நிமிசம் ஆச்சு. இப்பத்தான்னா இந்த நிமிசம்லா?”

“அஞ்சு நிமிசம் இப்பத்தான் இல்லையா? உன் வீட்டுக் கடியாரத்துல வேணா அது நேத்தா இருக்கும்.”

“எங்க அம்மா அப்படிச் சொல்லமாட்டா.”

“உங்க அம்மா ஆத்துக்கு அந்தப் பக்கம்லா. அங்கன பேசுததெல்லாம் ஒரு பேச்சா?”

பெயின்ட் டப்பாவையெல்லாம் வைத்துவிட்டு எல்லாரும் கவுண்டருக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கட்சி. ஒரு பெண் தன் டீச்சர் சொல்லிக்கொடுத்ததை எடுத்துவிட்டாள். அந்த டீச்சருக்கே ஒன்றும் தெரியாது என்றார் மார்ட்டின், அவரும் அதே டீச்சரிடம்தான் படித்தாராம். நடுநடுவே ஒருவர் தாழ்ப்பாள் கேட்டார், ஒருவர் சுண்ணாம்புப் பை கேட்டார். நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். “உங்க ஊர்ல இதுக்கு எப்படிச் சொல்லுவீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள். சொல்லிக்காட்டினேன். கம்பிவேலிப் பெரியவர் ‘போயிட்டாங்க’ என்று சொல்லிப்பார்த்தார். படுமோசமாகச் சொன்னார். என் புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஏணி வேணுமே” என்றார் மார்ட்டின் என்னைப் பார்த்து. லெண்டும் போடாமல் பாரோவும் போடாமல் அதோடு நிறுத்திக்கொண்டார்.

“எடுத்துக்கிடுங்க” என்றேன்.

8

பிரீடா திரும்பி வந்து கோட்டைக் கழற்றினார். தன் கல்லாவில் போய் நின்று, “அடுத்த ஆள் வாங்க” என்றார். ஒருவரும் நகரவில்லை.

“நாங்க இந்தப் பையனுக்காக நிக்கோம்” என்றார் கம்பிவேலிப் பெரியவர்.

பிரீடா என் வரிசையில் நின்றவர்களை எண்ணிப் பார்த்தார். அப்புறம் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். வேலையை நிரந்தரமாக்கும் படிவம். நேரத்துக்கு வருகிறாரா, பாதுகாப்பு விதிகள் தெரியுமா எல்லாவற்றுக்கும் அவரே டிக் போட்டிருந்தார். ஒரே ஒரு கட்டம் காலி: வாடிக்கையாளரோடு பேசும் திறன் பற்றி, இரண்டு வரிக்கு மிகாமல்.

“இத நீயே எழுது. எனக்கு எழுத்தெல்லாம் அவ்வளவா வராது. உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் இருந்தது.

“என்ன கேட்டிருக்கான் அதுல?” என்றார் மார்ட்டின், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு. வாசித்துக் காட்டினேன்.

“எழுது, நான் சொல்லுதேன்.”

“நீ எதுக்குச் சொல்லுத? உனக்கா வேல?” என்றார் பெரியவர்.

“வாடிக்கையாளர் யாரு? நான்தான? எழுதுல.” மார்ட்டின் கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா நாங்க சமாளிச்சுக்கிடுவோம்.”

அவர் சொன்ன இங்கிலீஷில் வினை ஒரு பக்கம் போயிற்று, முன்னிடைச்சொல் இன்னொரு பக்கம் போயிற்று. தையல்கடை மாடியாக இருந்தால் சிவப்பு மையில் இரண்டு வட்டம் போட்டிருப்பேன். பேனா தாளுக்கு மேலே ஒரு வினாடி நின்றது. மார்ட்டின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னபடியே எழுதினேன், ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல்.

பிரீடா தாளை வாங்கித் தூரத்தில் பிடித்து வாசித்தார். அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டார். வரிசையில் அடுத்து நின்றவர் இரண்டு கிலோ ஆணி கேட்டார்.